மாப்பிள்ளை வீட்டுக்குக் கூரை இல்லை

என் மகள் கலியாணம் கட்ட விரும்பிய பெடியனுக்கு அயர்லாந்தில் ஒரு கல்வீடு இருந்தது. ஐந்து மாடி. நாலு பக்கமும் சாம்பல் நிறக் கல். சுவரின் தடிப்புக்குள் ஒரு கட்டில் போடலாம். அறுநூறு வருசத்துக்குக் கிட்டப் பழசு. கூரை மட்டும் இல்லை.

பெடியன் டொக்டர். சொந்தக்காரர் தொலைபேசியில் விசாரித்தால் இவர், அதாவது என் கணவர், அந்த ஒரு சொல்லோடு நிறுத்திவிடுவார். எந்த ஆஸ்பத்திரி என்று யாராவது நோண்டினால்தான் மாட்டுக்கு என்று சொல்வார். ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற பீலெஃபெல்டைச் சுற்றியிருக்கிற பண்ணைகளுக்கு விடியவே ரப்பர் சப்பாத்தோடு போய்வருகிற வேலை. நல்ல பெடியன்தான். முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினான். மகள் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இல்லையாம், அவர்கள் வீட்டிலும் அப்படித்தானாம். சாணி காரணமாம்.

அவன் வருவதற்கு முதல் வாரம் மகள் தனியாக வந்து எங்கள் இருவரையும் சோபாவில் இருத்தி வைத்து ஒரு விசயம் சொன்னாள்.

"சீதனம், நகை, நன்கொடை எண்டு ஒரு கதை இந்த வீட்டிலை வந்துதெண்டால் நான் அந்த இடத்திலையே எழும்பிப் போயிடுவன். பதிவுக் கந்தோரிலை கையெழுத்தை வைச்சிட்டு உங்களுக்குப் படம் அனுப்புவன். பிறகு என்னைக் கேக்காதேங்கோ."

சும்மா வெருட்டுகிற பிள்ளை இல்லை அவள். ஒருமுறை ஒரு கலியாண வீட்டில், மாப்பிள்ளை பகுதி கடைசி நேரத்தில் காருக்கு இழுபறிப்பட்டது காதில் விழுந்தவுடன், சாப்பிடாமல், பட்டுச்சீலையோடு ரயிலேறி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அந்தப் பகுதியோடு இன்றுவரை கதையில்லை. இந்தக் குணம் அவளுக்கு என்னிடமிருந்து போனது. அதனால்தான் எனக்குப் பயம். நான் சொன்னால் அப்படியே செய்வேன் என்று எனக்குத் தெரியும்.

பெடியன் முதல் நாளே தொலைபேசியை எடுத்து அந்தக் கல்வீட்டைக் காட்டினான். அவனுடைய அம்மாவின் மேய்ச்சல் நிலத்தின் நடுவில் அது நின்றது. பக்கத்தில் அவர்கள் குடியிருக்கிற சாதாரண வீடு. அயர்லாந்து முழுக்க இப்படி ஆயிரக்கணக்கில் நிற்கிறதாம். மன்னர்கள் கட்டியதில்லையாம். கொஞ்சம் காணியும் நிறைய மாடும் நிறையப் பகையும் உள்ள குடும்பங்கள் கட்டியதாம். கோட்டை என்று சொன்னால் பெரிசு, வீடு என்று சொன்னால் சின்னது, அதனால் கோபுரவீடு என்று சொல்கிறார்களாம்.

அவனுக்குச் சொல்ல ஆசை, எங்கள் மேசைத்துடைப்புத் தாளில் கீறிக்கீறிச் சொன்னான். கீழ்த்தளத்துக்கு வெளிச்சமே இல்லை, தானியம் வைக்கிற இடம். மேல்தளத்தில்தான் பெரிய ஆட்கள் இருப்பது. ஏறுவதற்குச் சுவருக்குள்ளேயே சுருள்படி. அதில் ஒரு படியை மட்டும் வேண்டுமென்றே உயரம் பிசகிக் கட்டியிருக்கிறார்கள், இருட்டில் ஓடிவருகிற அந்நியன் தடக்கி விழ. வாசலுக்கு நேர் மேலே கூரைத்தட்டில் ஒரு ஓட்டை, உள்ளே வந்தவன் தலையில் கல்லைப் போட. கக்கூசும் சுவருக்குள்தான். அங்கேதான் உடுப்பைத் தொங்கவிடுவார்களாம், அந்த நாற்றத்துக்குப் பேன் செத்துப்போகுமாம்.

நான் பற்றீஸ் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

"குசினி எங்கை?" என்று இவர் ஜெர்மனில் கேட்டார். அதுதான் அவர் அன்றைக்குக் கேட்ட முதல் கேள்வி.

பெடியன் யோசித்தான். முற்றத்தில் சமைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன் என்றான். பிறகு படத்தைப் பெரிதாக்கி உச்சியைக் காட்டி, ஒரு பெருமூச்சு விட்டு, ஒரு கூரை மட்டும் இருந்தால் எப்படி இருக்கும் என்று அம்மா எப்போதும் சொல்லுவா என்றான்.

இவருடைய கையில் தேத்தண்ணிக் கோப்பை அப்படியே நின்றது. இவர் என்ன நினைக்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. மகளுக்கு விளங்கவில்லை. அவள் ஜெர்மனியில் வளர்ந்தவள், பெருமூச்சைப் பெருமூச்சாகத்தான் எடுப்பாள்.

எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை பகுதி ஒருநாளும் வாய் திறந்து கேட்காது. கேட்டால் மரியாதை இல்லை. எங்கள் கலியாணப் பேச்சின்போது இவருடைய அம்மா வந்து என் அப்பாவோடு மழையைப் பற்றிக் கதைத்தார், வெங்காய விலையைப் பற்றிக் கதைத்தார், போகிற நேரம் வாசலில் நின்று, "பெடிக்குச் சைக்கிள் ஓடி ஓடி முழங்கால் நோகுது" என்று ஒரு பெருமூச்சு விட்டார். அடுத்த கிழமை அப்பா மோட்டார் சைக்கிள் வாங்கினார். ஒரு பேச்சு வார்த்தை நடக்கவில்லை, ஒரு மனக்கசப்பு இல்லை. எல்லாம் கண்ணியமாக முடிந்தது. முழங்கால் அதற்குப் பிறகும் நொந்தது, அது வேறு கதை.

அந்த அம்மாவின் மகனுக்கு முன்னால் வந்திருந்து, கூரையில்லாத வீட்டைக் காட்டிப் பெருமூச்சு விட்டால் என்ன நடக்கும்?

அவர்கள் போன பிறகு இவர் சொன்னார்: "கூரை கேக்கினம்."

"அவன் சும்மா வீட்டின்ரை படத்தைக் காட்டினவன்."

"உனக்கு விளங்காது. தாய்தான் சொல்லிவிட்டிருக்கிறா. தாய் எப்பவும் சொல்லுவா எண்டு சொன்னவன் எல்லே."

அதற்குப் பிறகு இவர் அந்தக் கோபுரவீட்டை ஒரு வரன் விசாரிக்கிற மாதிரி விசாரிக்கத் தொடங்கினார். எங்கள் ஆட்களில் விசாரிப்பதென்றால் முதலில் ஊர், பிறகு பகுதி, பிறகு காணி யாருடையது, யார் கையிலிருந்து வந்தது. அயர்லாந்தில் இவருக்கு ஒருத்தரையும் தெரியாது. அதனால் பெடியனையே வாரத்துக்கு வாரம் குடைந்தார். பெடியன் மாமா ஆர்வமாகக் கேட்கிறார் என்று சந்தோசப்பட்டு, மாடு பார்த்துவிட்டு வருகிற வழியில் புத்தகங்களோடு வந்து நின்றான்.

வீட்டைக் கட்டிய குடும்பத்தில் மூத்த மகனுக்குத்தான் தலைமை என்று இல்லையாம். ஒரு பூட்டனின் வழிவந்த ஆண்களில் யார் கெட்டிக்காரனோ அவனைத் தெரிந்தெடுப்பார்களாம். கேட்க நல்ல முறை. ஆனால் உடற்குறை உள்ளவன் தலைவனாக இருக்க முடியாது என்று ஒரு விதியும் இருந்ததால், சில இடங்களில் ஒன்றுவிட்ட சகோதரங்கள் ஒருவரின் கண்ணை ஒருவர் தோண்டியிருக்கிறார்கள்.

"எங்கட ஆக்கள் வழக்குத்தான் போட்டவை," என்றார் இவர், கொஞ்சம் பெருமையாக.

பிறகு அந்தக் குடும்பம் ஒரு மகளைக் கட்டிக்கொடுத்த வழியில் வீடு வேறொரு குடும்பத்துக்குப் போனது. பிறகு இங்கிலாந்திலிருந்து படை வந்தது. சம்பளம் கொடுக்கக் காசில்லாததால் சிப்பாய்களுக்குக் காணியைப் பிரித்துக் கொடுத்தார்கள். இந்த வீடும் ஒரு சிப்பாய்க்குப் போனது. அவனுடைய பரம்பரை ஓட்டையும் பேனும் வேண்டாமென்று பக்கத்தில் யன்னல் வைத்த மாளிகை கட்டிக்கொண்டு போனது. கூரை மரத்தைக் கழற்றியது யார் என்று தெரியாது, கழற்றியிருக்கிறார்கள். இவர் இதையெல்லாம் தலையை ஆட்டாமல் கேட்டார். வேலைக்குப் போன காலத்தில் மேலாளர் கதைக்கும்போதும் அப்படித்தான் கேட்பார்.

மேல்மாடியில் ஒரு ஜெர்மன்காரர் இருக்கிறார், கூரை வேலை செய்கிறவர். இவர் அவரிடம் படத்தைக் காட்டி, இதற்குக் கூரை போட எவ்வளவு காசு முடியும் என்று கேட்டிருக்கிறார். அந்த மனிசன் படத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், சாரம் கட்டவே உங்களுடைய கார் போய்விடும் என்றார். காரை விற்கலாம் என்று இவர் சொன்னாராம். அந்த மனிசன்தான் படியில் என்னைக் கண்டபோது, உங்கள் கணவர் சுகமாக இருக்கிறாரா என்று விசாரித்தார்.

சனிக்கிழமைகளில் இவர் விளம்பரத் தாள் போடுகிற வேலைக்குப் போகத் தொடங்கியதும் அப்போதுதான். நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர் என்றார். களஞ்சியத்தில் பெட்டி தூக்கித் தேய்ந்த முழங்காலோடு ஓய்வு எடுத்த மனிசன், தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு பனிக்குள் போனார். எந்த டொக்டர் அப்படிச் சொல்லுவார்? மாட்டு டொக்டரும் சொல்லமாட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் கத்தினேன். "பிள்ளை என்ன சொன்னவள்? உங்கட கூரையாலை எங்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகப்போகுது!"

"அவள் சொல்லுவாள். நாளைக்கு அந்த வீட்டிலை போய் நிக்கேக்கை, வெறுங்கையோடை வந்தவள் எண்டு ஒரு பார்வை பாப்பினம். அதை நான் பாத்திருக்கிறன்."

"எங்கை பாத்தனீங்கள்?"

"என்ரை அம்மாவின்ரை கண்ணிலை. என்ரை அண்ணியைப் பாக்கேக்கை."

பார்த்தது உண்மைதான். நானும் அந்தக் கண்ணைப் பார்த்திருக்கிறேன்.

முறைப்படி பார்த்தால் பெண்பிள்ளைக்கு நாங்கள் கொடுக்கவேண்டியது வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போவது. என் அம்மாவின் வீடு எனக்கு வந்தது, என்னுடையது மகளுக்குப் போகவேண்டும். அந்த வீடு போர்க்காலத்தில் ஆமிக்காரர் போட்ட முட்கம்பிக்கு உள்ளே போய்விட்டது. கம்பியை எடுத்த பிறகு என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் போய்ப் படம் எடுத்து அனுப்பினான். சுவர் இருந்தது. ஓடும் இல்லை, தீராந்தி மரமும் இல்லை, யன்னல் நிலையும் இல்லை. இவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஊரில் நாவற்குழிப் பக்கம் நல்ல மழையாம் என்று வேறு கதை எடுத்தார். நானும் மழையைப் பற்றிக் கதைத்தேன். மகளுக்கு நாங்கள் காட்டவில்லை.

ஆக, கொடுக்க வீடில்லாத மனிசன் கூரை கொடுக்கப் போகிறார். விளங்காமலில்லை எனக்கு. விளங்கியதால்தான் இன்னும் கூடக் கோபம்.

வசந்தகாலத்தில் பெடியனின் தாய் வந்தார். என் வயதுதான் இருக்கும், புருசன் இல்லை, தனியாகப் பண்ணை பார்க்கிறவர். அகன்ற கை. எங்களுக்குப் பெரிய கட்டியாக வெண்ணெய் கொண்டுவந்திருந்தார், சட்டைகளுக்கு நடுவில் சுற்றி. நான் வடையும் ரோல்ஸும் செய்திருந்தேன். அவர் தேத்தண்ணியைக் குடித்துப் பார்த்து, ஜெர்மனிக்கு வந்து இறங்கியதிலிருந்து இப்போதுதான் தேத்தண்ணி குடிக்கிறேன் என்றார். அதிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இவர் மட்டும் கோட்டுப் போட்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி விறைத்திருந்தார். கூரையைப் பற்றி வாயைத் திறக்கமாட்டேன் என்று காலையில் சாமிப் படத்துக்கு முன்னால் எனக்குச் சத்தியம் பண்ணியிருந்தார்.

மகள்தான் நடுவில் இருந்து தமிழையும் ஆங்கிலத்தையும் மாற்றி மாற்றிச் சொன்னாள்.

இவர் முதலில் சும்மா ஒரு கேள்வி கேட்டார். அந்தக் காணி உங்கட ஆக்கள் ஆரிட்டையும் பறிச்சதோ என்று. மகள் அதைக் கொஞ்சம் சீனி போட்டு மாற்றியிருப்பாள். ஆனால் அந்த அம்மா விளங்கிக்கொண்டார். கோபப்படவில்லை.

அந்த வீட்டைக் கட்டினவர்களும் நாங்கள் இல்லை, பிடித்தவர்களும் நாங்கள் இல்லை, என்றார். நாங்கள் எல்லாருக்கும் மாடு மேய்த்தவர்கள். கட்டினவனுக்கு மேய்த்தோம், பிடித்தவனுக்கு மேய்த்தோம், சிப்பாய்க்கும் மேய்த்தோம். கடைசியில் மாளிகைக்காரர் போனபோது காணியைத் துண்டு போட்டுக் குடியானவர்களுக்கு விற்றார்கள். நடுவில் அந்தப் பெரிய கல் நின்றதால் அந்தத் துண்டை ஒருத்தரும் விரும்பவில்லை, எங்களுக்கு வந்தது. குளிர் காலத்தில் கீழ்த்தளத்தில் கன்றுகள் நிற்கும்.

இவருடைய முகம் முதல்முறையாக இளகியது. பறித்த காணி இல்லை. விசாரணை முடிந்தது, நல்ல இடம்.

நான் நிம்மதியாக மூச்சு விட்ட நேரம் பார்த்து அந்த அம்மா பெடியனின் தொலைபேசியை வாங்கி, கோபுரவீட்டின் உச்சியை எங்களுக்குக் காட்டி, தலையை ஆட்டி, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

இவர் எழும்பினார். கோட்டின் பொத்தானைப் பூட்டினார்.

"அம்மாட்டைச் சொல்லு பிள்ளை. கூரையை நாங்கள் போட்டுத் தாறம். ஒரு குறையும் வையம்."

மகள் மாற்றவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் தமிழ் போகும். என்ன சொன்னீங்கள், திருப்பிச் சொல்லுங்கள் என்று ஜெர்மனில் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். இந்த மனிசன் அவளுக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து அதையே ஜெர்மனில் திருப்பிச் சொன்னார். ஜெர்மனில் சொன்னதால் பெடியனுக்கு விளங்கியது. விளங்கியதால் அந்த மாடு, நல்ல மாடு, முகம் மலர்ந்து தாய்க்கு ஆங்கிலத்தில் சொன்னது.

மகள் எழும்பிப் போய்க் கதவடியில் கிடந்த சப்பாத்தை எடுத்தாள். நான் பின்னால் போனேன். "பிள்ளை, இரு," என்றேன். அவள் ஒரு சப்பாத்தைப் போட்டுவிட்டாள். இத்தனை வருசமும் இந்தக் கதவால் எத்தனையோ முறை போனவள்தான். இந்தமுறை போனால் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே அந்த அம்மா கோப்பையை வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் பேசினார். எனக்கு விளங்கக்கூடிய மாதிரி மெதுவான ஆங்கிலம்.

முடியாது, என்றார். அது அரசாங்கம் பாதுகாக்கிற சின்னம். ஒரு கல்லை நகர்த்தினாலும் எனக்கு வழக்கு வரும். கன்று நிற்பதையே ஒருத்தரும் கண்டுகொள்ளாமல் இருக்கிறார்கள். ஆனால் ஏன் எங்களுக்குக் கூரை போடவேண்டும்?

பெடியனுக்குத் தெரியவில்லை. மகள் ஒற்றைச் சப்பாத்தோடு வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, இது எங்கள் ஆட்களின் வழக்கம், பெண்ணோடு சொத்துக் கொடுப்பது, எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று சொன்னாள்.

அந்த அம்மா வெட்கப்படவில்லை. ஓ, அதுவா, என்றார். நான் கட்டிக்கொண்டு வந்தபோது என் அப்பா பசுமாடுகள் கொடுத்தார். அதில் ஒரு மாட்டுக்கு நோய். அதை என் மாமியார் சாகும்வரை சொல்லிக்காட்டினார். நான் என் மருமகளுக்கு அதைச் செய்ய வரவில்லை. எனக்கு ஒன்றும் வேண்டாம்.

மகள் அதை மாற்றிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. இவருக்கு விளங்கிவிட்டது. விளங்கினால் சந்தோசப்பட்டிருக்கவேண்டும். பனியும் இல்லை, தள்ளுவண்டியும் இல்லை, கார் தப்பியது. ஆனால் இவர் சோபாவில் இருந்த விதத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பூட்டிய கோட்டுக்குள் ஆளே சின்னதாகிப் போனார்.

"அப்ப என்ரை பிள்ளைக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. நிலத்தைப் பார்த்துத்தான் கேட்டார். கேட்டுவிட்டு அழுதார். பெடியனுக்கும் தாய்க்கும் முன்னால், மறைக்காமல்.

ஒருத்தரும் அதை மாற்றிச் சொல்லவில்லை.

மகள் சப்பாத்தோடே உள்ளே வந்தாள். எங்கள் வீட்டில் சப்பாத்தோடு ஒருத்தரும் உள்ளே வருவதில்லை. இவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள்.

"அப்பா, ஊரிலை வீடு ஒண்டு இருக்குத்தானே. அது எனக்குத்தானே வரோணும்?"

"அது இப்ப வீடில்லையம்மா. சுவர்தான்."

"தெரியும். படம் எடுத்த மாமா எனக்கும் அனுப்பினவர்."

எத்தனை வருசமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் அவளுக்கு ஒளித்தோம், அவள் எங்களுக்கு ஒளித்திருக்கிறாள்.

"கூரை இல்லை பிள்ளை," என்றார் இவர் திரும்பவும்.

"நான் கூரை கேக்கேல்லை. வீட்டைத்தான் கேக்கிறன்."

இவர் கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அது அம்மாவின்ரை. அம்மாவைக் கேள்."

சட்டப்படி சரிதான். சீதன வீடு பெண்ணுடையது, எழுதிக் கொடுப்பதும் பெண்தான், புருசனின் கையெழுத்தும் கூட வேண்டும். ஆனால் கட்டிய நாளிலிருந்து நல்ல காலத்தில் எங்கட வீடு என்றும், ஓடு ஒழுகினால் உன்ரை வீடு என்றும் சொல்லிவந்த மனிசன், என்னுடையது என்று மரியாதையாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விளங்காமலே அந்த அம்மாவும் பார்த்தார். சீதனம் என்றால் எழும்பிப் போகிறேன் என்ற பிள்ளை அதை வாய்விட்டுக் கேட்கிறாள். உண்மையாகவே ஆசைப்பட்டுக் கேட்டாளா, தகப்பனின் முகத்தைப் பார்த்துக் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் மாட்டேன். அந்த நேரம் எனக்கு என்னுடைய அம்மாமேல் கோபம் வந்தது, கம்பி போட்டவர்கள்மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அழுகிறபோது நான் கடுமையாகத்தான் பேசுவேன்.

"ஓடு இல்லை, கதவு இல்லை. கிணத்துக்குள்ளை ஆலமரம் முளைச்சிருக்கு. எல்லைக்கல்லைப் பக்கத்து வளவுக்காரர் தள்ளிப் போட்டிருக்கினம், அதுக்கு நீதான் வழக்குப் பேசோணும். பிறகு என்னைச் சொல்லக்கூடாது. வேணுமோ?"

"வேணும்," என்றாள்.